தோடர்மல் கல்வெட்டும் ஓர் அடிக்குறிப்பும்

காஞ்சிபுரம் ஒலிமுகமதுபேட்டையில் வசிக்கும் என் அக்கா மகள் வரலாற்றுத் துறையில் ஆய்வு மாணவி. சென்ற ஆண்டு அவள் ஓர் ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரை இரண்டு மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தது. கருத்தில் பிழை என்று எவரும் கூறவில்லை. மேற்கோள் குறிப்புகள் இதழின் விதிப்படி அமையவில்லை என்றும், அவற்றுள் சிலவற்றைத் தேடிச் சென்றால் போய்ச் சேர வழியில்லை என்றும் எழுதியிருந்தார்கள். “மாமா, காற்புள்ளிக்கும் முற்றுப்புள்ளிக்குமா ஒரு கட்டுரையைத் திருப்பி அனுப்புவார்கள்?” என்று அவள் தொலைபேசியில் கேட்டபோது குரல் தழுதழுத்தது. அந்த வாரமே காஞ்சிபுரம் சென்றேன். இரண்டு நாள்கள் அவளுடைய குறிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். அப்போது விளங்கியவற்றையே இங்கு எழுதுகிறேன். ஆய்வு செய்யும் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு இது பயன்படலாம். அவ்வாறு எவரும் இல்லாத குடும்பங்களிலும் கைப்பேசியில் ‘வரலாற்றுச் செய்திகள்’ வந்து குவிந்துகொண்டுதான் இருக்கின்றன.

அவளுடைய கட்டுரை காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலில் உள்ள ஒரு கல்வெட்டைப் பற்றியது. அதன் காலம் சக ஆண்டு 1632. சக ஆண்டுடன் 78-ஐக் கூட்டினால் கி.பி. 1710. முகலாயப் படையெடுப்பின் அச்சத்தால் காஞ்சியிலிருந்து வெளியே கொண்டுசெல்லப்பட்டு, இன்றைய அரியலூர் மாவட்டத்திலுள்ள உடையார்பாளையத்தில் வைக்கப்பட்டிருந்த உற்சவத் திருமேனி, ஆத்தான் ஜீயர் என்னும் வைணவத் துறவியின் முயற்சியால், லாலா தோடர்மல் என்பவரின் துணையுடன் மீண்டும் காஞ்சிக்குக் கொண்டுவரப்பட்டது என்பதே அதன் சாரம். வெளியேறிய ஆண்டை 1688 என்று வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. மீண்டு வந்ததன் நினைவாகக் கோயிலில் இன்றும் விழா நடைபெறுகிறது.

இந்த ஒரே நிகழ்ச்சி நம் நாளில் இரண்டு உருவங்களில் உலவுகிறது. அவுரங்கசீப்பின் படை காஞ்சிக் கோயிலை இடித்துத் தரைமட்டமாக்கியது என்பது ஒன்று. ஆர்க்காட்டு நவாபே தம் பொறுப்பில் சிலைகளை மீட்டுக் கோயிலுக்கு அளித்தார் என்பது மற்றொன்று. முதலாவது நம்மை வருத்துகிறது. இரண்டாவது நமக்கு இனிக்கிறது. என் மருமகள் முதலாவதை மறுப்பதற்காகவே எழுதத் தொடங்கியவள். எழுதும் வேகத்தில் இரண்டாவதையும் ஒரு வாக்கியமாகச் சேர்த்துவிட்டாள். அதற்கு அவள் கொடுத்திருந்த அடிக்குறிப்பு ஒரு கல்வெட்டு எண். அந்த எண்ணை அவள் எங்கிருந்து எடுத்தாள் என்று கேட்டேன். ஒரு விழா மலரிலிருந்து. விழா மலர் எழுதியவர் எங்கிருந்து எடுத்தார்? அதற்கு மலரில் விடை இல்லை.

மதிப்பீட்டாளர் தடுத்து நிறுத்திய இடமும் அதுதான். இது காற்புள்ளிக் குறை அன்று. நம் முன்னோர் இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

ஹதீஸ் கலையில் ‘தத்லீஸ்’ என்று ஒரு குற்றம் உண்டு. ஓர் அறிவிப்பாளர் தாம் நேரில் கேட்காத செய்தியை, இடையில் சொன்னவரின் பெயரை மறைத்து, மேலே உள்ள பெரியவரிடமிருந்தே பெற்றதுபோன்ற தோற்றம் தரும் சொற்களால் அறிவிப்பது அது. நேரடியாகப் பொய் சொல்வதில்லை. ‘கேட்டேன்’ என்று கூறாமல் ‘இன்னாரிடமிருந்து’ என்று நழுவிவிடுவார். பஸராவின் பெரும் அறிஞர் ஷுஅபா (ரஹ்) இதைக் கடுமையாக வெறுத்தார். பின்னாளில் இப்னு ஹஜர் அல் அஸ்கலானி (ரஹ், மறைவு ஹி. 852, கி.பி. 1449) தத்லீஸ் செய்தோரை மட்டுமே ஐந்து தரங்களாகப் பிரித்துத் தனி நூல் எழுதினார். எப்போதாவது செய்தவர், வழக்கமாகச் செய்தவர், நம்பத் தகாதவரிடமிருந்து வாங்கி மறைத்தவர் என ஒவ்வொருவருக்கும் அவரவர் நிலை. விழா மலரில் கண்ட கல்வெட்டு எண்ணை, ஆண்டறிக்கையையே திறந்து பார்த்தவர்போல் அடிக்குறிப்பில் இடுவது இதே செயல்தான். இதைச் சொன்னதும் அவள் முகம் வாடிவிட்டது. நான் வேண்டுமென்று செய்யவில்லையே என்றாள். தத்லீஸ் செய்தோரிலும் பலர் கெட்ட எண்ணத்தால் செய்தவர்கள் அல்லர் என்றேன். இடையில் இருந்தவரின் பெயரைச் சொல்லிவிட்டால் குற்றமே இல்லை. ‘இன்ன கல்வெட்டு, இன்ன மலர் எடுத்துக்காட்டியவாறு’ என்று எழுதலாம். ஆய்வுலகம் அதை ஏற்கிறது. சங்கிலி அங்கே பலவீனமானது என்பது மட்டும் வாசகருக்குத் தெரிந்துவிடும். தெரியட்டும்.

சங்கிலியைக் கேட்கும் பழக்கம் நம்மில் எப்போது தொடங்கியது? தாபியீன்களில் ஒருவரான இப்னு சீரீன் (ரஹ், மறைவு ஹி. 110) ஒரு வரலாற்றுக் குறிப்பே விட்டுச் சென்றிருக்கிறார். முற்காலத்தில் இஸ்நாதைப் பற்றி மக்கள் விசாரிக்கவில்லை. சமூகத்தில் குழப்பம் ஏற்பட்டு அணிகள் பிரிந்த பிறகே ‘உங்களுக்கு அறிவித்தவர்கள் யார்’ என்று கேட்கத் தொடங்கினர் என்ற கருத்துப்படக் கூறியுள்ளார். அமைதிக் காலத்தின் அலங்காரமாக இஸ்நாத் தோன்றவில்லை. ஒவ்வொரு தரப்பும் தனக்கு இனித்த செய்தியைப் பரப்பிய காலத்தில் அது தேவைப்பட்டது. அப்துல்லாஹ் இப்னுல் முபாரக் (ரஹ்; மறைவு ஹி. 181) அதை மார்க்கத்தின் ஓர் அங்கமாகவே கருதினார். அதற்கும் முன்னரே, செய்தி கொண்டு வருபவரைத் தீர விசாரிக்குமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் நமக்குக் கட்டளை இட்டிருக்கிறது.

இப்போது காஞ்சிக்குத் திரும்புவோம். கல்வெட்டுகளுக்கு இஸ்நாத் உண்டா என்று கேட்டால், உண்டு. ஜெர்மானிய அறிஞர் ஹுல்ட்ஸ் 1886இல் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராக அமர்த்தப்பட்டார். 1887 முதல் கல்வெட்டு ஆண்டறிக்கைகள் வரத் தொடங்கின. 1890இல் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ முதல் தொகுதி வெளியாயிற்று. மாமல்லபுரத்தையும் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலையும் சேர்ந்த பல்லவர் கல்வெட்டுகள் அதில்தான் இடம்பெற்றன. வெங்கையா, கிருஷ்ண சாஸ்திரி போன்றோர் அப்பணியைத் தொடர்ந்தனர். ஊர் ஊராகச் சென்று, கல்லைக் கழுவி, ஈரத் தாளை அதன்மேல் ஒற்றி, மை தடவிப் படியெடுத்தார்கள். அந்த மைப்படிக்கு ஆண்டும் வரிசை எண்ணும் இடப்பட்டன. உத்திரமேரூரின் புகழ்பெற்ற குடவோலைக் கல்வெட்டுகள் இரண்டும் 1898ஆம் ஆண்டின் 1ஆம் எண், 2ஆம் எண். வரதராஜர் கோயிலின் நூற்றுக்கணக்கான கல்வெட்டுகள் 1919ஆம் ஆண்டின் வரிசையில் உள்ளன. ஆக, கல் ஒன்று. அதைப் படியெடுத்தவர் ஒருவர். பதிவு செய்த அறிக்கை ஒன்று. பின்னர் முழு வாசகத்தைப் பதிப்பித்த தொகுதி ஒன்று. அதைக் கொண்டு வரலாறு எழுதியவர் ஒருவர். சங்கிலியின் கண்ணிகள் இவை.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரே கல்லுக்கு ஆண்டறிக்கை எண் ஒன்று இருக்கும்; தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதியில் வேறோர் எண் இருக்கும்; ரங்காச்சாரி 1919இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட ஊர்வரிசைப் பட்டியலில் இன்னோர் எண் இருக்கும். ‘கல்வெட்டு எண் 135’ என்று மட்டும் எழுதினால் எவராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஹதீஸ் எண்களிலும் நமக்கு இந்த அனுபவம் உண்டல்லவா? ஒருவர் ஸஹீஹ் முஸ்லிமின் எண் ஒன்றைச் சொல்கிறார். நம் வீட்டிலுள்ள பதிப்பில் அந்த எண்ணில் வேறு ஹதீஸ் இருக்கிறது. எகிப்திய அறிஞர் முஹம்மத் ஃபுஆத் அப்துல் பாக்கீ இட்ட எண்வரிசை ஒன்று. பிற பதிப்பாளர்கள் இட்டது வேறொன்று. இமாம் முஸ்லிம் (ரஹ்) எந்த எண்ணும் இடவில்லை. எண் என்பது பதிப்புக்கு உரியது. மூலத்துக்கு உரியது அன்று. எனவேதான் பதிப்பாளர், ஊர், ஆண்டு, தொகுதி, பக்கம் என்று ஆய்விதழ்கள் வற்புறுத்துகின்றன. என் மருமகள் எரிச்சலுற்ற விவரங்கள் இவைதாம். ஹதீஸ் உதாரணத்தைச் சொன்ன பிறகு அவள் அவற்றைப் பற்றிக் குறை கூறவில்லை.

ஆண்டறிக்கை பெரும்பாலும் கல்வெட்டின் முழு வாசகத்தைத் தருவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இடம், அரசர், காலம், மொழி, சுருக்கம், இவ்வளவுதான். சுருக்கம் எழுதியவரின் சொற்கள் கல்லின் சொற்கள் அல்ல. பலர் இந்தச் சுருக்கத்தை மேற்கோள் குறிக்குள் இட்டுக் கல்வெட்டே பேசுவதுபோல் எழுதுகிறார்கள். மூலத்தைப் பார்க்க வேண்டுமானால் மைப்படிகளைத் தேட வேண்டும். அவையோ கல்வெட்டுத் துறையுடன் உதகமண்டலம் சென்று, 1966இல் மைசூர் சென்றவை. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவருமாறு 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியதாயிற்று. மூலம் இருக்கும் இடம் மாறினாலும் எண் மாறாமல் இருந்தால்தான் அதைத் தேடி எடுக்க முடியும்.

தோடர்மல் செய்தியை இந்த முறைப்படி பிரித்துப் பார்த்தோம். காலத்தையும், திருமேனி மீண்டு வந்ததையும், ஜீயரையும், தோடர்மலையும் கல்வெட்டு தருகிறது. உடையார்பாளையத்துத் தலைவர் திருமேனியைத் திருப்பித் தர மனமில்லாமல் இருந்தார், தோடர்மல் படையுடன் சென்ற பிறகே இணங்கினார் என்ற கதை கோயில் மரபோடு சேர்ந்து வழங்குவது. தோடர்மல் கர்நாடக நவாப் சஆதத்துல்லாஹ் கானின் கீழ்ப் பணியாற்றிய படைத்தலைவர் என்பது வரலாற்றாசிரியர்கள் தரும் செய்தி, கே.வி. ராமன் 1975இல் வரதராஜர் கோயிலைப் பற்றி எழுதிய ஆங்கில நூல் இதற்கு நல்ல சான்று. நவாபே மீட்டுத் தந்தார் என்பது மட்டும் எந்தக் கண்ணியிலும் இல்லை. நவாபின் அதிகாரி ஒருவர் மீட்டார் என்பதிலிருந்து நவாபே மீட்டார் என்பதற்கு யாரோ ஒருவர் தாவியிருக்கிறார். அந்தத் தாவல் நமக்குப் பிடித்திருந்ததால் எவரும் கேட்கவில்லை.

இதே சோதனையை மற்றத் தரப்புக்கும் வைத்தோம். கோயில் இடிக்கப்பட்டது என்று அந்தக் கல்வெட்டு கூறவில்லை. அச்சத்தால் திருமேனி வெளியேற்றப்பட்டது என்பதுதான் செய்தி. பல்லவ, சோழ, விஜயநகரக் காலத்துக் கல்வெட்டுகளும் மண்டபங்களும் காஞ்சியில் கண்முன்னே நிற்கின்றன. அதே வேளையில், அந்த அச்சம் உண்மையானது என்பதையும் நாம் மழுப்பக் கூடாது. தம் வழிபாட்டுத் திருமேனியை இரவோடிரவாகக் காட்டுக்குக் கொண்டுசெல்லும் அளவுக்கு ஒரு நகரத்து மக்கள் அஞ்சியிருந்தார்கள் என்றால், அந்தச் சுமை வரலாற்றில் இருக்கத்தான் செய்யும். என் மருமகளின் முதல் வரைவில் அந்த அச்சம் ஒரு துணைவாக்கியமாகச் சுருங்கிக் கிடந்தது. இரண்டாம் வரைவில் அதற்குத் தனிப் பத்தி கிடைத்தது.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. விழா மலர், தோடர்மலை அக்பரின் அமைச்சர் என்று குறித்திருந்தது. அக்பரின் நிதியமைச்சர் ராஜா தோடர்மல் 1589இலேயே மறைந்துவிட்டார். நூற்றிருபது ஆண்டுகள் கழித்துக் காஞ்சிக்கு வந்தவர் வேறொரு தோடர்மல். திருமலைக் கோயிலில் தாயார், மனைவி ஆகியோருடன் உலோகச் சிலையாக நிற்பவர் இவர்தான். பெயர் ஒன்று, ஆள் வேறு என்னும் இந்த மயக்கத்துக்காகவே கத்தீப் அல் பக்தாதீ (ரஹ், மறைவு ஹி. 463) ஒரே பெயர் கொண்ட அறிவிப்பாளர்களைப் பிரித்துக் காட்டும் பெருநூல் ஒன்றை எழுதினார். அத்தகைய நூல் ஒன்று விழா மலர் எழுதியவரின் மேசையில் இருந்திருக்கலாம்!

காஞ்சியிலேயே உறுதியான சங்கிலி உள்ள ஒரு செய்தியும் இருக்கிறது. 8ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியை வென்று உள்ளே நுழைந்தான். ராஜசிம்மேச்சுரத்தின், அதாவது கைலாசநாதர் கோயிலின், செல்வத்தைக் கண்டும் அதைக் கவராமல் கோயிலுக்கே விட்டுவிட்டான். இதை அக்கோயிலின் மண்டபத் தூணிலுள்ள கன்னடக் கல்வெட்டு கூறுகிறது. ஹுல்ட்ஸ் அதை எபிகிராஃபியா இண்டிகா 3ஆம் தொகுதியில் பதிப்பித்தார். 757ஆம் ஆண்டைச் சேர்ந்த வக்கலேரிச் செப்பேடும் இதையே சொல்கிறது. ஒரு செய்தி வேறொரு வழியிலும் வந்து உறுதிபெற்றால் அதை ஹதீஸ் அறிஞர்கள் ‘ஷாஹித்’ என்பார்கள். ஆனால் இரண்டும் சாளுக்கியர் தரப்புச் சான்றுகளே என்பதையும் அவர்கள் குறிக்காமல் விடமாட்டார்கள்.

பிறர் விட்டுச் சென்ற அடிக்குறிப்பை நிரப்புவதையே பணியாகக் கொண்ட அறிஞர்களும் நம்மில் இருந்தார்கள். அந்தக் கலைக்குத் ‘தக்ரீஜ்’ என்று பெயர். இமாம் புகாரி (ரஹ்) தம் நூலில் சில செய்திகளை முழுச் சங்கிலி இன்றிச் சுருக்கமாகக் குறித்திருக்கிறார். அவற்றின் சங்கிலிகளைத் தேடித் தொகுத்துத் ‘தக்லீகுத் தஅலீக்’ என்று தனி நூல் இயற்றினார் இப்னு ஹஜர். ஹனஃபி மத்ஹபின் ‘ஹிதாயா’வில் வரும் ஹதீஸ்களின் மூலங்களைத் தேடி ‘நஸ்புர் ராயா’ எழுதினார் ஸைலஈ (ரஹ், மறைவு ஹி. 762). நம் மதரஸாக்களில் பெருமதிப்புடன் ஓதப்படும் இமாம் கஸ்ஸாலியின் (ரஹ்) ‘இஹ்யா’வுக்கு இராக்கீ (ரஹ்; மறைவு ஹி. 806) தக்ரீஜ் செய்தார். இஹ்யாவை அவர் நேசித்தார். ஆயினும் பல இடங்களில், இதற்கு மூலம் எதையும் தாம் காணவில்லை என்று பதிந்துவிட்டார். அக்குறிப்புகள் இன்று அச்சிடப்படும் இஹ்யாவின் பக்க அடியிலேயே நிற்கின்றன. கஸ்ஸாலியின் மதிப்பு அதனால் குறைந்துவிடவில்லை. வாசகருக்கு எதை எவ்வளவு நம்பலாம் என்பது தெரிந்தது, அவ்வளவே.

வடிவ விதிகளைப் பற்றிச் சிறிது கூறுகிறேன். சிகாகோ முறை 1906இலும், உளவியலாளர்களின் ஏ.பி.ஏ. முறை 1929இலும் தோன்றியவை. ஒவ்வோர் இதழும் ஏதேனும் ஒன்றைப் பின்பற்றும். துருக்கியின் சிவாஸ் கும்ஹூரியெத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் இஸ்லாமிய ஆய்வுகளுக்கும் ஏற்றவாறு வகுத்த ஒரு முறைக்கு ‘இஸ்நாத்’ என்றே பெயரிட்டுள்ளார்கள். எந்த முறையானாலும், இதழின் பழைய கட்டுரை ஒன்றை அருகில் வைத்துக்கொண்டு அதன்படியே முதலிலிருந்து முடிவுவரை ஒரே சீராக அமைத்தால் வேலை முடிந்துவிடும். இது பொறுமையின் வேலை. அறிவின் வேலை அன்று.

ஆனால் பெயர்களில் மட்டும் அறிவு வேண்டும். குடும்பப் பெயரை முன்னே இட்டு மற்றதை முதலெழுத்தாகச் சுருக்கும் வழக்கம் மேலைநாட்டாரின் பெயர்களுக்காக ஏற்பட்டது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் முதலெழுத்து முன்னே நிற்கும். சி. மீனாட்சி என்றால் மீனாட்சிதான் ஆசிரியர். காஞ்சி வைகுண்டப் பெருமாள் கோயிலின் வரலாற்றுச் சிற்பங்களைப் பற்றித் தொல்லியல் துறை 1941இல் 63ஆம் நினைவு வெளியீடாக வெளியிட்ட நூல் அவருடையது. அது வெளிவரும்முன் அவர் இளவயதிலேயே மறைந்துவிட்டார். அவரை ‘மீனாட்சி, சி.’ என்று வரிசைப்படுத்தினால் போதும், சிக்கல் இல்லை. நம் பெயர்களிலோ சிக்கல் வேறு. அப்துல் ரஹ்மான் என்பவரை மென்பொருள் ‘ரஹ்மான், அ.’ என்று வெட்டி வைக்கிறது. அடியான் என்ற சொல்லை ஓர் எழுத்தாக்கி, அல்லாஹ்வின் திருப்பெயரை மனிதருக்குச் சூட்டிவிடுகிறது! அரபு இலக்கணப்படியும் இது பிழை; இரு சொற்களும் சேர்ந்தே ஒரு பெயர். ‘அப்துல் ரஹ்மான்’ என்று முழுமையாகவே வரிசைப்படுத்த வேண்டும். நூலகப் பட்டியல் வகுப்போரும் இந்த விதியை அறிவார்கள். மென்பொருளின் பெயர்க் கட்டத்தில் இரண்டையும் ஒரே பெயராகச் சேர்த்து எழுதினால் அது வெட்டாது.

இரண்டாம் நாள் இரவு இஷா தொழுகைக்குப் பிறகு, நவாப் வாக்கியத்துக்கு என்ன செய்வது என்று அவள் கேட்டாள். தயக்கத்துடன்தான் கேட்டாள். அந்த வாக்கியத்தை அவளுடைய தந்தை நண்பர்களிடம் பெருமையாகப் படித்துக் காட்டியிருந்தார். அவர் அருகிலேயே அமர்ந்திருந்தார்; சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, கல்லில் இல்லையென்றால் எடுத்துவிடு அம்மா என்று அவரே கூறினார். அவ்விடத்தில் அவள் ‘நவாப் சஆதத்துல்லாஹ் கானின் கீழ்ப் பணியாற்றியவராகக் கருதப்படும் லாலா தோடர்மல்’ என்று எழுதி, ராமனின் நூலையும் பக்க எண்ணையும் குறித்தாள். ஆண்டறிக்கையின் 1919ஆம் ஆண்டுப் பதிவைப் பல்கலைக்கழக நூலகத்தில் தானே திறந்து பார்த்து, எண்ணைச் சரிசெய்துகொண்டாள். விழா மலர் மேற்கோள் பட்டியலிலிருந்து வெளியேறியது.

கட்டுரை இம்முறை ஏற்கப்பட்டது, அல்ஹம்துலில்லாஹ். அச்சுக்கு முந்தைய படி சென்ற மாதம் வந்தது. பட்டியலில் ஓர் இடத்தில் ‘காதர், அ.’ என்றிருந்தது. அதை ‘அப்துல் காதர்’ என்று திருத்துமாறு பதிப்பாசிரியருக்கு எழுதி, காரணத்தையும் மூன்று வரிகளில் விளக்கியிருந்தாள். திருத்திவிட்டார்கள்.